பட்டை தீட்டாத ஃப்ளோரைட்தான் அழகு

கூடுவாஞ்சேரியில் ராத்திரி கரண்ட் போனால் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிடும். "உங்க வீட்லயும் இல்லையா?" என்று ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் உள்ளே அலமாரியைத் துழாவிக்கொண்டிருப்பேன். "ஏங்க, இன்வெர்ட்டர் ஸ்விட்சைப் போடுங்க" என்று மனைவி குரல் கொடுக்க, "அஞ்சு நிமிஷம், அஞ்சே நிமிஷம்" என்று கெஞ்சுவேன். தெருவிளக்கின் கீற்றுகூட ஜன்னல் வழியே நுழையாத அப்படி ஒரு இருட்டு மற்ற நாளில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. என் ஃப்ளோரைட் கல்லைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் ஏது?

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். உள்ளங்கை நிறைய ஒரு கல். பட்டை தீட்டாதது, மெருகு போடாதது, மண்ணிலிருந்து எடுத்தபடியே இருப்பது. பகலில் பார்த்தால் கோலி சோடா பாட்டிலின் அந்தப் பச்சை. அதற்குள்ளே மூலைக்கு மூலை ஊதா வரிகள். அழகுதான், ஆனால் அமைதியான அழகு. இப்போது இருட்டில் அதன்மேல் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். பச்சையைக் காணோம்! ஊதா வரியையும் காணோம்! கல்லின் அடி ஆழத்திலிருந்து ஒரு நீலம் கிளம்பி, பொங்கி, விளிம்புவரை வந்து நிற்கிறது, கை விரல்களின் இடுக்கில்கூட அந்த நீலம் வழிகிறது. டார்ச்சை அணைத்தால் ஒன்றுமில்லை, மறுபடி இருட்டு. மறுபடி அடித்தால் மறுபடி நீலம். வீட்டு இருட்டில் முதல் தடவை பார்த்தபோது நான் கத்தியே விட்டேன், வெட்கமே இல்லாமல் சொல்கிறேன், சந்தோஷத்தில் கத்தினேன், பக்கத்து அறையிலிருந்து மகள் "என்னப்பா ஆச்சு?" என்று ஓடிவந்தாள், வந்தவள் என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள்.

இது மாயமும் இல்லை, கல்லுக்குள் யாரும் பல்பு வைக்கவும் இல்லை. ஃப்ளோரைட் என்பது கால்சியமும் ஃப்ளூரினும் சேர்ந்த எளிமையான கூட்டு. சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது, தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். படிகம் வளரும்போது கால்சியம் உட்கார வேண்டிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக யூரோப்பியம் போன்ற அரிய மண் தனிமங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை அந்த யூரோப்பியம் விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் நீலமாகத் திருப்பிக் கொடுக்கிறது. கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852இல் இந்த ஒளிர்தலை ஆராய்ந்து எழுதியபோது, அதற்கு ஃப்ளோரசன்ஸ் என்று பெயர் வைத்தது இந்தக் கல்லை வைத்துத்தான். வீட்டு டியூப் லைட்டின் உள்பூச்சு ஒளிர்வதும், ரூபாய் நோட்டின் இழை ஊதா விளக்கில் மின்னுவதும் அதே வித்தைதான். நம்ம திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமனுக்கும் இந்தக் கிறுக்கு இருந்தது என்று தெரிந்தபோது எனக்கு எவ்வளவு பெருமை! பெங்களூரில் அவர் 1948இல் தொடங்கிய ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் சேகரித்த கற்களின் காட்சிக்கூடம் இருக்கிறது. புற ஊதா ஒளியில் கனிமங்கள் ஒளிர்வதைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு இருட்டறையும் உண்டு. நோபல் வாங்கிய மனிதர் இருட்டில் கல்லைப் பார்த்துப் பூரித்திருக்கிறார் என்றால் கூடுவாஞ்சேரிக்காரன் நான் பூரிக்கக் கூடாதா?

என் கல் எனக்குக் கிடைத்தது சென்னையில் நடந்த ஒரு கைவினைக் கண்காட்சியில். குஜராத்தின் கம்பாத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர், முன்வரிசையில் பளபளவென்று மெருகேற்றிய உருண்டைகளையும் பிள்ளையார்களையும் அடுக்கியிருந்தார். கூட்டமெல்லாம் அங்கேதான். மேசைக்குக் கீழே ஒரு சாக்கு. "அதுல என்னண்ணே?" என்றேன். "அது கச்சா மால் சார், பாலிஷ் இல்லே" என்று தயங்கியபடியே வாயை அவிழ்த்துக் காட்டினார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது! ஊதா, பச்சை, தேன் மஞ்சள், நிறமே இல்லாத துண்டு, மண் ஒட்டிய துண்டு, ஒரு பக்கம் கனசதுரமாகவும் மறுபக்கம் உடைந்தும் இருந்த துண்டு. கையில் எடுத்ததும் முதலில் உறைத்தது கனம். அதே அளவு ஸ்படிகத்தைத் தூக்கிப் பழகிய கைக்கு இது தனியாகத் தெரியும். ஸ்படிகத்தின் அடர்த்தி 2.65, ஃப்ளோரைட்டுக்கு 3.18. பக்கத்துக் கடைக்காரரிடம் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இரவல் வாங்கி, சாக்கின் மடிப்புக்குள்ளே தலையை நுழைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகப் பார்த்தேன். எல்லா ஃப்ளோரைட்டும் ஒளிராது, அதனால்தான் இந்தத் தேடல். சிலது கம்மென்று கிடந்தன. ஒன்று மட்டும் நீலமாகப் பற்றிக்கொண்டது. பேரம் பேசக்கூட வாய் வரவில்லை, கேட்டதைக் கொடுத்தேன். எழும்பூரில் செங்கல்பட்டு ரயில் ஏறி வீடு வரும்வரை பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், பல்லாவரத்தில் ஒரு தடவை, தாம்பரத்தில் ஒரு தடவை, வண்டலூரில் ஒரு தடவை என்று திறந்து திறந்து பார்த்துக்கொண்டு!

மெருகேற்றிய உருண்டையை ஏன் வாங்கவில்லை என்று கேட்காதவர்கள் இல்லை. அவர்களைப் பிடித்து உட்காரவைத்து இதைச் சொல்கிறேன். ஃப்ளோரைட் தானாக வளரும்போது பெரும்பாலும் கனசதுரமாக வளர்கிறது. சதுரத்தின்மேல் சதுரம், ஒன்றை ஒன்று ஊடுருவிய சதுரம், படிக்கட்டாக ஏறும் சதுரம். உடையும்போதோ வேறொரு வடிவம் வெளிவருகிறது. நான்கு திசைகளில் துல்லியமாகப் பிளக்கும் குணம் அதற்கு. கனசதுரத்தின் எட்டு மூலைகளும் உடைந்து விழுந்தால் மிஞ்சுவது எட்டு முக்கோண முகங்கள் கொண்ட ஒரு எண்முகி, இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி சேர்த்த உருவம். யாரும் செதுக்காமல், அணுக்கள் அடுக்கப்பட்ட வரிசையே அந்த முகங்களைத் தீர்மானிக்கிறது! என் கல்லில் உடைந்த மூலையில் அப்படி ஒரு முக்கோணம் இருக்கிறது. ஜன்னலோரம் வைத்துத் திருப்பினால் ஒரு கோணத்தில் அந்த முகம் பளீரென்று வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அடுத்த நொடி அணைந்துவிடும். இதையெல்லாம் தேய்த்து வழித்து ஒரு உருண்டையாக்கினால் கல் எப்படிப் பிறந்தது, எப்படி உடைந்தது என்ற இரண்டு கதையும் போய்விடுகிறது. பளபளப்பு மட்டும்தான் மிச்சம். எனக்குப் பளபளப்பு போதாது.

வரிகளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பூமிக்கு அடியில் பாறை வெடிப்புகளில் சூடான கனிமத் தண்ணீர் ஓடும்போது, அது ஆற ஆற, ஃப்ளோரைட் ஏடு ஏடாகப் படிகிறது. தண்ணீரின் சேர்மானம் மாறினால் அடுத்த ஏட்டின் நிறமும் மாறும். பச்சைக்குப் பிறகு ஊதா, ஊதாவுக்குப் பிறகு தெளிவு, மறுபடி ஊதா. ஆக, என் கையில் இருப்பது எப்போதோ ஓடிய ஒரு வெந்நீர் ஊற்றின் நாட்குறிப்பு. குஜராத்தில் சோட்டா உதேபூர் மாவட்டத்தில் ஆம்பா டோங்கர் என்று ஒரு குன்று உண்டு, நம் நாட்டின் பெரிய ஃப்ளோரைட் சுரங்கம் அங்கேதான், அருகில் காடிபானியில் குஜராத் கனிம வளர்ச்சிக் கழகத்தின் ஆலை. அந்தக் குன்றின் எரிமலைப் பாறைக்கு வயது ஏறக்குறைய 6.5 கோடி ஆண்டு. தக்காணத்தின் மேல் எரிமலைக் குழம்பு பரவிய காலம், டைனோசர்கள் முடிந்துபோன காலம்! நம் பக்கத்தில் பல்லாவரம், வண்டலூர்க் குன்றுகளின் சார்னகைட் பாறை அதைவிடப் பல மடங்கு கிழடு, அதன் பெருமை தனி. ஆனால் அந்தக் கருங்கல் குடும்பத்தில் இப்படி நிறம் பேசுமா, சொல்லுங்கள்.

இந்தக் கல்லை நீங்கள் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறீர்களா? இன்று காலையிலிருந்து அதோடுதான் புழங்கிக்கொண்டிருக்கிறீர்கள்! ஃப்ளூரைடு சேர்த்த பற்பசையில் பல் விளக்கினீர்களா, ஒட்டாத தவாவில் தோசை வார்த்தீர்களா, கத்திரி வெயிலில் ஏசியைப் போட்டீர்களா, அதற்குள் சுற்றும் வாயு, தவாவின் மேல் பூசிய பூச்சு, கையில் இருக்கும் செல்போனின் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் உப்பு, அத்தனைக்கும் வேண்டிய ஃப்ளூரினுக்கு உலகம் பெரிதும் நம்பியிருப்பது இந்தக் கல்லைத்தான். கடலூர் சிப்காட்டில் டான்ஃபாக் ஆலை இருக்கிறதே, அங்கே இந்தக் கல்லின் பொடியைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கி ஹைட்ரஜன் ஃப்ளூரைடு எடுக்கிறார்கள், அலுமினியம் ஃப்ளூரைடும் அங்கே தயாராகிறது, அலுமினியம் உருக்கும் ஆலைகளுக்கு அது இல்லாமல் ஆகாது. எஃகு உலையில் கசடை இளக்கி ஓடவைக்க இந்தக் கல்லையேதான் அள்ளிப் போடுகிறார்கள். ஃப்ளூரினைத் தனியாகப் பிரிக்க எத்தனையோ வேதியியலாளர்கள் முயன்று உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள், சிலர் உயிரையே விட்டார்கள், கடைசியில் 1886இல் பாரிஸில் ஆன்ரி மொய்சான் அதைப் பிரித்துக் காட்டினார், 1906இல் நோபல் பரிசே வந்தது. அவ்வளவு முரட்டு வாயுவை இந்தக் கல் கட்டிப் போட்டு வைத்திருக்கிறது, அதுவும் இவ்வளவு அழகாக!

இன்னும் முடியவில்லை, போகாதீர்கள். வேடந்தாங்கலில் சீசனுக்கு வரும் புகைப்படக்காரர்களின் தோளில் நீளமான வெள்ளை லென்ஸ் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகையில் பலவற்றுக்குள் ஃப்ளோரைட் படிகத்தில் கடைந்த வில்லை உண்டு. சாதாரணக் கண்ணாடி வில்லை ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவுக்கு வளைப்பதால் நாரையின் இறகு ஓரத்தில் ஊதாக் கறை விழும். ஃப்ளோரைட் நிறங்களை மிகக் குறைவாகத்தான் பிரிக்கும், அதனால் ஓரம் சுத்தமாக வரும். எர்ன்ஸ்ட் அப்பே 1886இல் தன் நுண்ணோக்கி வில்லைகளுக்கு இயற்கை ஃப்ளோரைட்டைப் பயன்படுத்தினார். கேனன் நிறுவனம் 1969இல் ஆய்வகத்தில் வளர்த்த படிகத்தைக் கேமரா லென்ஸில் வைத்தது. இந்தக் கல் சூட்டில் விரிவது அதிகம் என்பதால், வெயிலைத் திருப்பி அடிக்கத்தான் அந்த வெள்ளைப் பெயிண்ட்.

இப்போது எனக்கு மயிர்க்கூச்செறிய வைக்கும் விஷயம். சில ஃப்ளோரைட்டுகளைச் சூடாக்கினால் புற ஊதா விளக்கே இல்லாமல், இருட்டில் தானாக ஒளிரும். சுற்றியுள்ள பாறையில் இயற்கையாகவே இருக்கும் கதிரியக்கம் லட்சம் லட்சம் ஆண்டுகளாக எலக்ட்ரான்களைத் தட்டித் தட்டி, படிகத்தின் குறைகளுக்குள் சிக்கவைத்திருக்கிறது. சூடு பட்டதும் அவை விடுபட்டு, அத்தனை காலம் சேர்த்து வைத்த ஆற்றலை வெளிச்சமாகக் கொட்டிவிடுகின்றன. ஒரே ஒரு தடவைதான். கொட்டிய பிறகு எத்தனை முறை சூடாக்கினாலும் அது வராது, மறுபடி கதிர்வீச்சு பட்டுச் சேர்ந்தால்தான் உண்டு. நினைத்துப் பாருங்கள், மனிதன் என்று ஒருவன் வருவதற்கு முன்பிருந்தே சேர்ந்த வெளிச்சம் என் அலமாரியில், மகளின் பள்ளிக்கூடக் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது! நான் அதைச் சூடாக்கவே மாட்டேன். சூட்டில் கல் படபடவென்று வெடித்துச் சிதறும், அது ஆய்வகத்தில் சின்னச் சில்லை வைத்துச் செய்ய வேண்டிய வேலை. அதைவிடப் பெரிய காரணம், அந்த வெளிச்சம் உள்ளேயே இருக்கட்டும் என்றுதான்.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இது என்ன ராசிக்குத் தம்பி?" என்றார். நவரத்தினத்தில் இதற்கு இடமில்லை அக்கா, எந்த ராசிக்காரர் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கும் என்றேன். இது மனசை ஒருமுகப்படுத்தும், கெட்டதை இழுக்கும் என்றெல்லாம் விற்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே மனசு ஒருமுகப்பட்டுவிடுகிறது, வேறு சக்தி எதற்கு? ஆனால் ஒன்றில் கறாராக இருக்கிறேன். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் கல்லைப் போட்டு வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது, ஃப்ளோரைட்டை அப்படிப் போடவே போடாதீர்கள். தண்ணீரில் இது கரைவது கொஞ்சம்தான், லிட்டருக்குப் பதினைந்து பதினாறு மில்லிகிராம். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி ஃப்ளூரைடு, குடிநீரில் ஃப்ளூரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டின் தர அளவு. நிலத்தடி நீரில் அது மிகுந்ததால் பல்லும் எலும்பும் பாதித்த தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கையில் எடுத்து ரசிப்பதில் ஒரு கெடுதலும் இல்லை. அரைக்காதீர்கள், பொடியை மூக்கில் ஏற்றாதீர்கள், சின்னப் பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

கல் மென்மையானது என்பார்கள். ஆமாம், மோஸ் கடினத்தன்மை வரிசையில் அதற்கு 4, அந்த எண்ணுக்கு அடையாளமே இந்தக் கல்தான். கத்தி முனை கீறும். இருக்கட்டுமே! மென்மையானதைத்தானே பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது?

நம்ம ஊரில் இதற்கு முதல் எதிரி தூசி. ஜிஎஸ்டி ரோட்டின் புழுதி ஜன்னலை மூடினாலும் வந்துவிடுகிறது, அதில் இருக்கும் மணல் துகளின் கடினத்தன்மை 7. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் ஃப்ளோரைட்டின் மேல் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். அதனால் முதலில் காற்றடித்து ஊதிவிடுங்கள், ஹார்மோனியத் துருத்திபோல அமுக்குகிற ரப்பர் ஊதுகுழல் கேமரா கடையில் கிடைக்கும். பிறகு மென்மையான தூரிகை. கழுவ வேண்டுமானால் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் பக்கெட்டில் வெள்ளை உப்புப் படிவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, கல்லின் ஒவ்வொரு படியிலும் அந்த வெள்ளை உட்கார்ந்துவிடும். கேன் தண்ணீர், அறைச் சூட்டில், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், அவ்வளவே. நனைந்த கல்லைக் கொஞ்சம் பாருங்கள், சொரசொரப்பு மறைந்து உள்ளே ஆழம்வரை கண்ணாடியாகத் தெரியும், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் அடிக்கடி கழுவத் துடிப்பேன். ஒத்தியெடுத்து நிழலில் காயவிடுங்கள்.

அழுக்கு போகவில்லையே என்று பாத்ரூம் ஆசிட்டை மட்டும் தொடாதீர்கள், கல்லும் கெடும், வலுவான அமிலத்தோடு சேர்ந்தால் உடம்புக்கு மிக ஆபத்தான ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டாகும். கந்தக அமிலத்தைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. வெயிலும் ஆகாது. சில ஃப்ளோரைட்டுகளின் நிறம் நேர் வெயிலில் நாளாக நாளாக வெளுத்துவிடும். மே மாதம் மூடிய காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சூடான கல்லைக் குளிர்ந்த தண்ணீரில் போடவே கூடாது. ஜன்னல் கண்ணாடியைவிட இரண்டு மடங்கு விரியும் பொருள் இது, சட்டென்று பிளந்துவிடும். நகைக்கடையில் நகையைச் சுத்தம் செய்யும் அந்த அதிரும் தொட்டியும் வேண்டாம். ஸ்படிகம், அகேட் கற்களோடு ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்காமல் தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். டார்ச் வாங்கினால் 365 நானோமீட்டர் என்று கேட்டு, முன்னால் கறுப்பு வடிகட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், மலிவான ஊதா டார்ச்சின் சொந்த வெளிச்சமே கல்லின் நீலத்தை மறைத்துவிடும். அந்த வெளிச்சத்தைக் கண்ணுக்குள் அடிக்க வேண்டாம்.

கண்காட்சியோ, கல் கடையோ, வடக்கே சுற்றுலாவோ, எங்கே போனாலும் மேசைக்குக் கீழே இருக்கும் சாக்கைக் கேளுங்கள். மூலை உடைந்திருந்தால் ஒதுக்காதீர்கள், அந்த உடைந்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள், முக்கோணம் தெரிந்தால் வாங்கிவிடுங்கள். ஒளிராத துண்டாக இருந்தாலும் பரவாயில்லை, நிறமும் கனமும் முகங்களும் எங்கேயும் போய்விடாது. பாலிஷ் போட்டுத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.